மூன்று மாத வாடகை மூட்டு

இடுப்பு மூட்டு மாற்றி எட்டு மாதம் கழித்து, தையல் தழும்பின் ஓரத்தில் சின்னக் கொப்புளம் வந்து உடைந்தது. களிம்பு தடவினேன், மூடிக்கொண்டது, பிறகு மறுபடி கசிந்தது. இப்படியே இரண்டு மாதத்தை வீணாக்கினேன். தழும்பு கசிந்தால் மருந்துக்கடைக்கு ஓடக் கூடாது, அறுவை செய்தவரிடம்தான் போக வேண்டும்.

ரத்தத்தில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) கூடியிருந்தது. மூட்டுக்குள் ஊசி செலுத்தி எடுத்த நீரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. "மாத்திரை போதாதா?" என்று கெஞ்சினேன். உலோகத்தின் மேல் கிருமிகள் பிசின் போன்ற படலம் கட்டி ஒளிந்துகொள்ளும், மருந்து அவற்றை முழுதாக அழிக்காது, உலோகத்தையே எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர்.

எடுத்தார்கள். அந்த இடத்தில் வான்கோமைசின், ஜென்டாமைசின் என்ற ஆண்டிபயாடிக்குகள் கலந்த எலும்பு சிமெண்டால் ஆன தற்காலிக மூட்டை வைத்தார்கள். அது மருந்தை அங்கேயே கசியவிடும்; தசை சுருங்கிக் கால் குட்டையாகாமல் இடத்தையும் பிடித்து வைக்கும். (சிமெண்டில் ஆண்டிபயாடிக் குழைக்கும் வழக்கம் 1970 வாக்கில் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ட்ஸ் என்ற மருத்துவர் தொடங்கியது.) ஆறு வாரம் ரத்தக்குழாய் வழியே மருந்து ஏறியது. வாக்கரைப் பிடித்து, அந்தக் கால் தரையில் பட்டும் படாமலும் நடந்தேன். சம்மணம், தரையில் உட்காரும் கழிப்பறை எல்லாம் தடை. பாரம் ஏற்றினால் சிமெண்ட் மூட்டு நழுவும், உடையவும் கூடும்.

பிறகு மருந்தை நிறுத்திவிட்டு, கிருமி திரும்புகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அறுவையைவிட அந்த இரண்டு வாரம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. சி.ஆர்.பி. ஏறவில்லை. மூன்றாவது மாதம் நிரந்தர மூட்டைப் பொருத்தினார்கள். இப்போது கைத்தடியோடு நானே பால் வாங்கி வருகிறேன்.