ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தொலைத்துவிட்டு டெக்ஸாஸ் போகாதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளையை அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு, மதுரையை விட்டு நகராத ஒரு தாய்மாமன் எழுதுவது. அங்கே போய்ப் பட்டவள் என் தங்கை. இங்கே வெயிலில் அலைந்தவன் நான்.

சேர்க்கை பெரிய வித்தை இல்லை. கட்டணம், நன்கொடை, சிபாரிசுக் கடிதம் எதுவும் கிடையாது. வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கும். வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை கேட்பார்கள். சின்னம்மைத் தடுப்பூசி நம் அரசு அட்டவணையில் இல்லை. இங்கேயே இரண்டு தவணை போட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ஊர்ப் பெயரை நம்பி வீடு பிடிக்காதீர்கள். டெக்ஸாஸில் நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃபிரிஸ்கோ, ஒரே நகரமாக இருந்தாலும் நான்கு பள்ளி மாவட்டங்களுக்குள், அதாவது தனித்தனிப் பள்ளி நிர்வாக எல்லைகளுக்குள், பிரிந்து கிடக்கிறது.

அங்கே பள்ளிகளுக்கு மாநிலக் கல்வித்துறை ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. நாமோ மே மாதம் பள்ளி வாசலில் தொங்கும் '100 சதவீதத் தேர்ச்சி' பிளெக்ஸைப் பார்த்தே சேர்த்துப் பழகியவர்கள். அந்த நூறுக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே எத்தனை பேர் கையில் டி.சி.யைத் திணித்தார்கள் என்று எந்த பிளெக்ஸிலும் எழுதியிருக்காது.

ஒன்பதாம் வகுப்பு என்றேன் அல்லவா, என் வயிற்றெரிச்சலே அதில்தான்.

நமக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுதான் கணக்கு. ஒன்பதாவது மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தோம், மறந்தோம். அங்கே உயர்நிலைப் பள்ளியே ஒன்பதில்தான் தொடங்குகிறது. பன்னிரண்டு வரை தேறும் ஒவ்வொரு பாடமும் கிரெடிட்டாக, அதாவது பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான புள்ளியாக, ஏறும். டெக்ஸாஸில் பெரும்பாலும் 26 கிரெடிட் சேர்த்து வெளியே வருகிறார்கள். மருமகன் பத்தாம் வகுப்பில் 500-க்கு 471 எடுத்த மிதப்பில் போய் நின்றான். அங்கே பாடங்களை ஒதுக்கும் பள்ளி ஆலோசகர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "ஒன்பதாம் வகுப்புப் பட்டியல் எங்கே?" என்றார். இல்லை. காகிதம் வரும்வரை பத்திலேயே உட்காரட்டும் என்றுவிட்டார்கள். படித்து முடித்த வகுப்பில் மறுபடியும்! பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இரவு பதினொரு மணிக்குத் தங்கை போனில் அழுதாள். மறுநாள் அவன் இங்கே படித்த பள்ளியின் அலுவலகத்தில் நின்றேன். "ஒன்பதாவது மார்க்கையெல்லாம் யார் சார் கேட்கிறார்கள்?" என்று எழுத்தர் சிரித்தார். பீரோவின் கீழ்த்தட்டில், பழைய வினாத்தாள் கட்டுக்கு அடியில் கிடந்தது பதிவேடு. ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. நல்லவேளை, கணக்குப் பாடத்துக்கு முன்பே நிறுத்திக்கொண்டது. தலைமையாசிரியர் விடுப்பு, அப்புறம் ஆய்வுக் கூட்டம், அப்புறம் பிட்டுத் திருவிழா. பிட்டுக்கு மண் சுமந்தார் சொக்கர். நான் மதிப்பெண் பட்டியலுக்கு நான்கு முறை போனேன்.

கிளம்புவதற்கு முன்பே இங்கே படித்த பள்ளியில் கேட்டு வாங்குங்கள்: பள்ளியின் கடிதத்தாளில், ஆங்கிலத்தில், பாடவாரியாக மதிப்பெண், மொத்தம் எத்தனைக்கு எத்தனை, கல்வியாண்டு, தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை. மூன்று பிரதி, மூன்றும் தனித்தனி உறையில் ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலும் முத்திரை. அந்த உறையை அமெரிக்கப் பள்ளிக்காரர்கள்தான் பிரிக்க வேண்டும்.

இது தெரியாமல் நான் ஒரே பிரதி வாங்கி கூரியரில் அனுப்பினேன். வந்து சேர்ந்த சந்தோஷத்தில் தங்கை வீட்டு வாசலிலேயே உறையைக் கிழித்துவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் அந்த எழுத்தர் முன்னால் நிற்க வேண்டும்.