பருத்தியில் ரியாக்டிவ் சாயம்: முதல் லேப் சாம்பிள் வெளுக்காமல் வர

டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி முதல் வருட லேபில் எனக்குத் தொடர்ந்து மூன்று சாம்பிள்கள் வெளிறிப்போய் வந்தன. நான்காவதில்தான் தவறு எங்கே என்று பிடிபட்டது. இப்போது ஜூனியர்களும் அதே இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அதனால் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு: பிளீச் செய்த 5 கிராம் பருத்தி நிட் துணி, வினைல் சல்போன் வகை ரியாக்டிவ் சாயம் (பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்), 2 சதவீத ஷேடு (நிற அடர்த்தி), லிக்கர் (துணி ஊறும் சாய நீர்) 1:20, அதாவது 1 கிராம் துணிக்கு 20 மி.லி.

முதலில் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் சரி. முத்தாக உருண்டு நின்றால் ஸ்கவரிங் (பருத்தியின் மெழுகையும் எண்ணெயையும் கழுவி நீக்குவது) போதவில்லை என்று அர்த்தம். அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள்.

கணக்கு

நான் மாட்டியது இங்கேதான். சாயத்தின் சதவீதம் துணியின் எடைக்கு. உப்பும் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட், இதுதான் காரம்) லிக்கரின் அளவுக்கு. நான் லிட்டருக்கு 50 கிராம் என்பதை 50 சதவீதம் என்று எடுத்து, துணி எடைக்குக் கணக்குப் போட்டு 2.5 கிராம் உப்புதான் போட்டேன். சோடா ஆஷும் அப்படியே பாதியாகிப் போனது. சரியான கணக்கு இது:

சாயம்: 5 கிராமில் 2 சதவீதம், அதாவது 0.1 கிராம். 1 சதவீத ஸ்டாக் கரைசலில் (100 மி.லி.க்கு 1 கிராம் சாயம் என முன்பே கரைத்து வைத்தது) 10 மி.லி.
லிக்கர்: 5 × 20 = 100 மி.லி.
உப்பு: லிட்டருக்கு 50 கிராம் என்றால் 5 கிராம்.
சோடா ஆஷ்: லிட்டருக்கு 15 கிராம் என்றால் 1.5 கிராம். 10 சதவீதக் கரைசலில் 15 மி.லி.
தண்ணீர்: 100 − 10 − 15 = 75 மி.லி.

கடைசி வரியை மறந்து 100 மி.லி. தண்ணீர் ஊற்றினால் லிக்கர் 1:25 ஆகிவிடும், ஷேடு இறங்கும். சாயத்தூளை நேராக நிறுக்காதீர்கள். 0.1 கிராமில் சின்னப் பிசகும் கண்ணுக்குத் தெரியும். ஸ்டாக் போட்டு, அளவு ஜாடியை விட்டுப் பிப்பெட்டில் எடுப்பதையே நான் சொல்வேன்.

சாயமிடுதல்

தண்ணீரில் நனைத்த துணியைச் சாயக் கரைசலில் போட்டு 40 டிகிரியில் பத்து நிமிடம் கிளறுங்கள். உப்பை இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்து 60 டிகிரிக்கு ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே எதிர்மின் தன்மை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தணித்துச் சாயத்தை இழைக்குள் அனுப்புவதுதான் உப்பின் வேலை.

அந்த உப்பு துணியோடு போய்விடாது, கிட்டத்தட்ட முழுக்கக் கழிவுநீரில்தான் நிற்கும். 100 மி.லி.க்கே 5 கிராம் என்றால் ஒரு பட்டறைக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். நொய்யல் ஆறு கெட்டதற்கும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும் இந்த உப்பு பெரிய காரணம். லேபில் உப்பு நிறுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, சோடா ஆஷ். அரை மணி முடிந்த பிறகே, அதுவும் இரண்டு தவணையாக. துணியை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு ஊற்றுங்கள். காரம் சேர்ந்ததும்தான் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்ளும். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் சீராகப் பரவும் முன்பே சாயம் பிடித்துத் திட்டுத்திட்டாகும். அப்புறம் 45 நிமிடம் விடாமல் கிளற வேண்டும்.

சோப்பிங்

சாயத்தில் ஒரு பகுதி பருத்திக்குப் பதில் தண்ணீரோடு வினைபுரிந்துவிடும். அது இனிப் பிணையாது, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்நீரில் அலசி, அசிட்டிக் அமிலத்தால் காரத்தைப் போக்கி, லிட்டருக்கு 2 கிராம் சோப்புக் கரைசலில் 95 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். உலர்ந்த பின் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் இன்னொரு சோப்பிங்.

பின்சேர்க்கை: சோடா ஆஷ் ஊற்றியதும் லிக்கர் பால்போலக் கலங்கியதாக ஒரு மாணவி எழுதியிருந்தார். கேட்டால், போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் சோடா ஆஷோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிகிறது, ஷேடு மங்குகிறது. காய்ச்சி வடித்த நீருக்கு மாறிய பிறகு அவருக்குச் சாம்பிள் தெளிவாக வந்துவிட்டது. அது கிடைக்காவிட்டால் சாயம் சேர்க்கும் முன்பே சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் (கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருள்) லிட்டருக்கு 1 கிராம் போடுங்கள்.