கேபினெட்டில் ஃபேன் ஓட்டை: முதலில் தகட்டைக் கட்டிப் போடுங்கள்

என் இடது முன்னங்கையில் நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு தழும்பு. கம்ப்யூட்டர் கேபினெட்டில் ஓட்டை போடப்போய் வாங்கியது. கிரைண்டரா, ஆக்சா பிளேடா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, அந்தத் தகடேதான்.

கோடையில் கேபினெட் அனலாய்க் கொதித்தது. மேல்மூடியில் ஒரு 120 மி.மீ. ஃபேன், அதை அணைக்க ஒரு சின்ன சுவிட்ச், இவ்வளவுதான் திட்டம். தெரிந்த அண்ணன் ஒருவரின் லேத் பட்டறையில் பெஞ்ச் டிரில் (மேஜைமேல் நிற்கும் துளை மெஷின்) சும்மா இருந்தது. சுவிட்சுக்காக 12 மி.மீ. பிட்டை (துளையிடும் அலகை) மாட்டி, மூடியை இடது கையால் அமுக்கிக்கொண்டு இறக்கினேன். முக்கால்வாசி பூப்போல இறங்கியது. நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் மூடி விருட்டென்று பிட்டில் ஏறிக்கொண்டு சுழல ஆரம்பித்தது. முதல் சுற்றில் என் கை, அடுத்த சுற்றில் மேஜையில் இருந்த டீ கிளாஸ். நானோ அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறேன். "தம்பி, கைய விடு! சுவிட்ச அமத்து!" என்று கத்திக்கொண்டே அண்ணன்தான் ஓடிவந்து நிறுத்தினார்.

ஏன் ஏறியது என்று பிறகுதான் விளங்கியது. சாதாரண பிட்டின் மூக்கு கூம்பு. 12 மி.மீ. பிட் என்றால் கூம்பின் உயரம் மட்டும் சுமார் 3.5 மி.மீ. கேபினெட் தகடோ அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரைதான். பிட்டின் முழு அகலம் தகட்டுக்குள் நுழையும் முன்பே நுனி அந்தப் பக்கம் போய்விடும். அப்போது பிட்டுக்கு ஊன்ற இடமில்லை. அதன் ஓரங்கள் கிழிந்த தகட்டைக் கொக்கி போட்டு இழுக்க, சுருள் பள்ளம் திருகாணியின் மரை போலத் தகட்டை மேலே ஏற்றிவிடும். ஓட்டையும் வட்டமாக வராது, மூன்று மூலையாகப் பிய்ந்து நிற்கும். கீழே சொல்லும் படிகளில் பாதி இந்த ஒரு நொடிக்காகத்தான்.

1. காலி செய்யுங்கள். மதர்போர்டு, பவர் சப்ளை, கேபிள் எல்லாமே வெளியே. செய்தித்தாள் போட்டு மூடிவிட்டு வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு இரும்புத் துருவல் ரேம் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிவிடும்.

2. குறியுங்கள். மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டி அதன்மேல் வரையுங்கள். பெயின்ட் கீறாது, கோடும் தெரியும். 120 மி.மீ. ஃபேனில் திருகுத் துளைகளின் மையங்களுக்கு இடையே 105 மி.மீ.; 80 ஃபேனில் 71.5, 140 ஃபேனில் 124.5. 105-க்கு ஒரு சதுரம் போட்டு மூலைக்கு மூலை கோடு இழுத்தால், கோடுகள் சந்திக்கும் இடத்தில் நடுமையம் கிடைக்கும். நான்கு மூலை, நடுமையம் என ஐந்து புள்ளியிலும் சென்டர் பஞ்ச் (குழி போடும் கூர் உளி) வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அதற்கு முன், உள்பக்கம் இடம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். சாதாரண ஃபேன் 25 மி.மீ. தடிமன். வெட்டி முடித்த பிறகு மதர்போர்டில் இடிக்கிறது என்று தெரியவந்தால் அழுகைதான் வரும்.

3. கட்டுங்கள். தகட்டுக்குக் கீழே ஒரு பிளைவுட், மேலே ஒரு பிளைவுட், சுற்றிலும் சி-கிளாம்ப். மேல் பலகையில் அந்த ஐந்து மையங்களையும் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். நுனி வெளியே வந்தாலும் கீழ்ப்பலகையில் ஊன்றி நிற்கும், மேல்பலகை தகட்டை ஏற விடாது. இரண்டு துண்டுப் பலகைக்குச் சோம்பல்பட்டுத்தான் எனக்குத் தையல் விழுந்தது.

சுழலும் மெஷின் பக்கத்தில் கையுறை வேண்டாம். பாதுகாப்புக்குத்தானே என்று தோன்றும். ஆனால் துணி ஒரு நூல் சிக்கினாலும் விரலையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். வெட்டிய தகட்டைத் தூக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கயிறு, தொங்கும் துப்பட்டா, லுங்கி எதுவும் ஆகாது. கண்ணாடி கட்டாயம். சக் சாவியை (பிட்டை இறுக்கும் சாவி) எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். மாட்டியபடி ஓட்டினால் கல் எறிந்ததுபோலப் பறக்கும். சுவிட்ச் எங்கே என்று பார்க்காமலே கை போக வேண்டும்.

4. சின்ன ஓட்டை முதலில். நான்கு மூலைக்கும் 4.5 மி.மீ. பிட். பெரிய ஓட்டையை முதலில் எடுத்துவிட்டால் தகடு தளர்ந்து ஆடும். சுவிட்ச் ஓட்டைக்கு ஸ்டெப் டிரில் வாங்குங்கள்: படிப்படியாக அகலும் கூம்பு, மெல்லிய தகட்டுக்கென்றே செய்தது. என்னிடம் அன்று அது இருந்திருந்தால் இந்தப் பதிவே இருக்காது.

5. பெரிய ஓட்டை. 114 மி.மீ. பைமெட்டல் (இரு உலோக) ஹோல் சா, அதாவது வட்டமாக வெட்டும் கிண்ண வடிவ ரம்பம். இதில் புதியவர்கள் தவறுவது வேகத்தில். இவ்வளவு பெரிய வட்டத்தின் விளிம்பு எத்தனை வேகமாக ஓடும் என்று யோசியுங்கள். மைல்ட் ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 75 சுற்று அளவே போதும். பல பெஞ்ச் டிரில்களில் மிக மெதுவான வேகமே நிமிடத்துக்குச் சில நூறு சுற்று. அதில் ஓட்டினால் புகை கிளம்பும், பல் நீலம் பாய்ந்து மழுங்கும், சிக்கினால் அடியும் பலம். கியர் உள்ள கை டிரில்லில் மெதுவான கியர், ஹேமரை (சுத்தியல்போல இடிக்கும் வசதி) அணைத்து, பக்கப்பிடி மாட்டி, இரண்டு கையாலும் பிடியுங்கள். பக்கப்பிடி இல்லாமல் சிக்கினால் தகட்டுக்குப் பதில் உங்கள் மணிக்கட்டு திரும்பும். மேல்பலகையைத் தாண்டித் தகட்டைத் தொட்டதும் இரண்டு சொட்டு எண்ணெய். அமுக்காதீர்கள், மெஷினின் எடையே போதும். சத்தம் மாறும்போது கையை இன்னும் இலகுவாக்குங்கள். அதுதான் அந்த நொடி.

ஹோல் சா இல்லாதவர்கள் அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு போட்டு ஜிக்சாவில் வெட்டலாம், இதே பலகைகளோடு. ஆங்கிள் கிரைண்டரை மட்டும் எடுக்காதீர்கள். நேராக ஓடும் டிஸ்க்கை வளைவில் திருப்பினால் இறுகிக்கொண்டு உதைக்கும். பொறி பட்ட பெயின்ட்டும் போய்விடும்.

6. பிசிறு எடுங்கள். அரைவட்ட அரத்தால் இருபுறமும் தேயுங்கள். வெட்டிய ஓரத்தில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், துரு பிடிக்காமல் பிரைமர் தொட்டுவிடுங்கள். காய்ந்ததும் ஓரத்தில் ரப்பர் பீடிங் (விளிம்புப் பட்டை) மாட்டுங்கள். காந்தத்தை ஒரு பாலிதீன் கவருக்குள் போட்டு மூலை முடுக்கெல்லாம் ஓட்டி, கவரை உள்வெளியாகத் திருப்பினால் துருவல் மொத்தமும் அதற்குள். பிறகு கேபினெட்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள். எனக்கு மூன்றாவது தட்டலில்கூட விழுந்தது.

இனி ஃபேன். பல ஃபேன்களில் பக்கவாட்டில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். மேல்மூடி என்பதால் அது வெளியே பார்க்கட்டும்.