வேர் நூற்புழுவை நுண்ணோக்கியில் இனங்காணும் முறை

வேரில் முடிச்சையோ கருத்த புண்ணையோ கண்ட மாத்திரத்தில் நூற்புழுவின் பெயரைத் தீர்மானித்துவிடலாகாது. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும்கூட இத்தகைய அறிகுறிகளை உண்டாக்கும். மண்ணிலிருந்தும் வேரிலிருந்தும் பிரித்தெடுத்த புழுக்களைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் வைத்துக் கொன்ற பிறகு கண்ணாடிச் சில்லில் ஏற்றுங்கள். அப்போது சுருள் நூற்புழு கடிகார வில்போலச் சுருண்டும், வேரழுகல் நூற்புழு ஏறக்குறைய நேராகவும் கிடக்கும்.

முதலில் தலைப்பகுதியைப் பாருங்கள். பாக்டீரியாவை உண்ணும் புழுக்களுக்கு, வாயிலிருந்து நீட்டித் துளைக்கும் ஊசியான குத்தூசி கிடையாது. அவற்றை அப்போதே ஒதுக்கிவிடலாம். அடியில் மூன்று குமிழ்கள் கொண்ட குத்தூசி டைலெங்கிடா வரிசைக்கு உரியது. குமிழற்ற, மிக நீண்ட ஊசி ஜிஃபினீமா, லாங்கிடோரஸ் பேரினங்களையும், வளைந்த ஊசி டிரைக்கோடோரஸையும் சுட்டும்; இம்மூன்றிலும் தாவர வைரஸ்களைப் பரப்பும் இனங்கள் உள்ளன. குத்தூசி இருப்பதாலேயே ஒரு புழு பயிரின் எதிரி ஆகிவிடாது, பூஞ்சை உண்ணும் புழுக்களுக்கும் அது உண்டு. அவற்றுள் அஃபெலெங்கஸ் வகையினவற்றில் உணவுக்குழலின் நடுக்குமிழ் உடலின் அகலத்தையே ஏறக்குறைய நிரப்பி நிற்கும்.

குழப்பம் மிகுதியாக நேர்வது வேரழுகல் நூற்புழுவான பிராட்டிலெங்கஸுக்கும் துளைக்கும் நூற்புழுவான ரேடோபோலஸுக்கும் இடையில்தான். தொடக்கநிலையாளர்கள் வாலையே உற்று நோக்குகிறார்கள். பெண்புழுவின் பிறப்புத்துளை அதைவிட நம்பகமான வழிகாட்டி என்பது என் கருத்து. அத்துளை அமைந்த பக்கமே வயிற்றுப்புறம். உணவுக்குழல் சுரப்பி குடலின்மேல் வயிற்றுப்புறமாகப் படிந்து, துளை உடல் நீளத்தில் 70 முதல் 80 விழுக்காட்டுத் தொலைவில் இருந்தால் அது பிராட்டிலெங்கஸ். சுரப்பி முதுகுப்புறமாகப் படிந்து, துளை உடலின் நடுப்பகுதியை ஒட்டி இருந்தால் ரேடோபோலஸ். பின்னதன் ஆண்புழுவில் குத்தூசி நலிந்திருக்குமாதலால், அதை ஒட்டுண்ணி அல்லவென்று தள்ளிவிடாதீர்கள்.

வேர்முடிச்சு நூற்புழுவான மெலாய்டோகைனின் இளம்புழுவும் ஆண்புழுவுமே மண்ணில் கிடைக்கும். பேரிக்காய் வடிவப் பெண்புழுவை முடிச்சைப் பிளந்து எடுத்து, அதன் பின்முனைத் தோலை வெட்டி, உட்பொருளைத் துப்புரவாக நீக்கி, கிளிசரினில் பதியுங்கள். பிறப்புத்துளையைச் சுற்றியுள்ள வரிகள் முதுகுப்புறத்தில் உயர்ந்த சதுர வளைவாக இருப்பின் அது மெலாய்டோகைனின் இன்காக்னிட்டா இனம். பக்கவாட்டுக் கோடுகள் வரிகளைத் தெளிவாகப் பிரித்தால் ஜவானிகா. வால்முனை அருகே நுண்புள்ளிகள் தென்பட்டால் ஹேப்லா. அரினேரியாவின் வரிகள் புழுவுக்குப் புழு மாறுவதால், ஒரே மாதிரியிலிருந்து பல பெண்புழுக்களை ஒப்பிட்டு, எஸ்டரேஸ் நொதி அல்லது டி.என்.ஏ. சோதனையாலும் உறுதிசெய்ய வேண்டும்.