குளுக்கோமீட்டர் கையேட்டைச் சரிசெய்த அனுபவம்

வீட்டிலேயே சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்றின் கையேடு திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. அளவு தப்பாகக் காட்டுகிறது என்றுதான் வாடிக்கையாளர்களிடமிருந்து நிறைய அழைப்புகள், ஆனால் மீட்டரில் கோளாறு இல்லை.

வாக்கியங்களில் உடனே கை வைக்கவில்லை. வயதானவர்கள் சிலரிடம் மீட்டரையும் பழைய கையேட்டையும் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சோதித்துப் பார்க்கச் சொன்னேன், இடையில் உதவவே இல்லை. (ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று, பொருட்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியிருக்கிறார், அதனால் பெரிய கூட்டம் தேவையில்லை.) யாரும் முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை, நேராகப் படங்களுக்குப் போனார்கள். கை கழுவச் சொல்லும் வரியோ கடைசிப் பக்க எச்சரிக்கைகளுக்குள் பொடி எழுத்தில் கிடந்தது. பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே அளவை ஏற்றிக் காட்டிவிடும், விரலில் ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய்க் குறைத்தும் காட்டலாம். இவ்வளவு முக்கியமான விஷயம் அங்கேயா இருப்பது! கழுவி, நன்றாகத் துடைப்பதை முதல் படியாகப் படத்தோடு வைத்தேன்.

அப்புறம் பிழைக் குறியீடுகள். 'போதிய மாதிரி இல்லை' என்ற காரணம் மட்டும் இருந்த இடத்தில், 'புது ஸ்ட்ரிப் எடுங்கள், துளி பெரிதாக வந்தபின் நுனியில் வையுங்கள்' என்று செய்ய வேண்டியதை எழுதினேன் (ஸ்ட்ரிப் என்பது மீட்டரில் செருகி, ரத்தத் துளியை வைக்கும் சோதனைப் பட்டை).

வேறு ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தபோது எல்லோரும் கை கழுவிவிட்டுத்தான் தொடங்கினார்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே விடுவது மட்டும் நிற்கவில்லை, ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். அதைக் கையேட்டில் எழுதிப் பயனில்லை, டப்பா மூடியிலேயே அச்சிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.