சமாதானப் பாடல் எழுதுவது எப்படி?

பிணங்கியவர்கள் மீண்டும் சேர்வதைப் பற்றிய பாடலை எழுத உட்காரும் முன், யார் யாருக்குப் பாடுகிறார் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். சண்டையிட்ட இருவரில் ஒருவர் மற்றவருக்குப் பாடுவது ஒரு வகை. இருவருக்கும் வேண்டிய மூன்றாமவர் நடுவில் நின்று பாடுவது இன்னொரு வகை. இரண்டையும் ஒரே பாட்டில் கலந்தால், மன்னிப்புக் கேட்க வந்தவரே அடுத்த அடியில் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்.

மூன்றாமவர் பாட்டுக்குப் புறநானூற்றின் 45ஆம் பாடலைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. சோழர் குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டைக்குள் அடைந்திருக்க, அதே குடியைச் சேர்ந்த நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தபோது புலவர் கோவூர்கிழார் பாடியது அது. போரின் தீமையைப் பொதுவாகப் பேசாமல், உன் மாலையும் சோழர் சூடும் ஆத்திப்பூ, உன்னோடு பொருபவன் மாலையும் ஆத்திப்பூ, ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று, இருவர் கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளைக் காட்டி அவர் வாதிடுகிறார். நீங்களும் இரு தரப்புக்கும் பொதுவான அத்தகைய ஒரு பொருளைத் தேடிப் பிடியுங்கள். ‘அன்பு’, ‘ஒற்றுமை’ போன்ற சொற்கள் எளிதில் வந்து அமரும். ஆனால் அவை எந்தச் சண்டைக்கும் பொருந்துபவை என்பதால், கேட்பவருக்குத் தம்முடைய சண்டை நினைவுக்கு வராது.

மிகுந்த கவனம் வேண்டுவது பல்லவிக்குத்தான். திரும்பத் திரும்பப் பாடப்படுவது அதுவே என்பதால், இரு தரப்பினரும் தயக்கமின்றிப் பாடக்கூடியதாக அது இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

நான்போட்ட தாழ்ப்பாளை நானே திறந்தேன்
நாளாகிப் போனாலும் நீ உள்ளே வா

இங்கே தாழ்ப்பாளைப் போட்டவர் ‘நான்’ என்று ஒப்புக்கொள்கிறார். ‘கதவு சாத்திக் கிடந்தது’ என்று எழுதியிருந்தால், சாத்தியவர் யார் என்பதே மறைந்துபோயிருக்கும். ‘தவறு நடந்துவிட்டது’ போன்ற ஆளில்லாத வாக்கியம் வரும் இடமெல்லாம் செய்தவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மோனை தானாக அமைந்தால் நல்லது. அதற்காக இந்த ஒப்புதலை மழுப்பிவிடக் கூடாது.

சரணங்களில் நடந்ததை முதலில் சொல்லி, மற்றவர் பட்ட வலியை அடுத்துச் சொல்லி, வேண்டுகோளைக் கடைசியில் வையுங்கள். ‘எல்லாவற்றையும் மறந்துவிடு’ என்று கேட்கும் உரிமை காயப்படுத்தியவருக்குக் கிடையாது. பெருங்கொடுமைக்கு ஆளாகி, இன்னும் நீதி கிடைக்காதவர்களிடம் மன்னிப்பைக் கோரும் பாட்டை எழுதாமல் இருப்பதே நேர்மை என்று கருதுகிறேன்; அவர்கள் இழந்ததைப் பெயர் சொல்லிப் பாடுவது அப்போது செய்யத் தக்கது.

மெட்டு, பயிற்சியில்லாத குரல்களும் சேர்ந்து பாடும்படி ஒரு ஸ்தாயிக்குள் (‘ஸ’ முதல் மேல் ‘ஸ’ வரை) அடங்கட்டும். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையில் பல்லவி அடியை 6இல் முடித்து, மீதி 2 எண்ணிக்கையை வெறுமையாக விட்டால், சொன்னது மனத்தில் இறங்க இடம் கிடைக்கும். சரணங்களை இரு குரல்கள் மாறி மாறிப் பாட, கடைசிப் பல்லவியில் மட்டும் இரண்டும் சேரலாம்.

மேடையேற்றும் முன், எதிர்த் தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். அவர் தயங்கி நிற்கும் அடியைக் குறித்துக்கொண்டு, காரணத்தைக் கேட்டு, அவர் முன்னிலையிலேயே மாற்றி எழுதுங்கள்.