ஏப்ரல் லீவுக்கு நுவரெலியாவா, அப்புத்தளையா, பண்டாரவளையா, எல்லயா? பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒப்பிட்டுப் பார்க்கிற முறை

மார்ச் பொறந்தா போதும், வெள்ளவத்தை சித்தப்பா வீட்ல இருந்து மட்டக்களப்பு கூட்டாளிமார் வரைக்கும் எல்லாருக்கும் பண்டாரவளைல நான் ஒருத்தன் இருக்கிறது ஞாபகம் வந்துரும். கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "ஏப்ரல் லீவுக்கு வாறோம், நுவரெலியா நல்லமா எல்ல நல்லமா?" ஒவ்வொருத்தருக்கும் வட்ஸ்அப்ல வொய்ஸ் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு, அதனால இங்க எழுதி வைக்கிறேன், இனிமே லிங்க் மட்டும்தான் வரும்.

எந்த ஊர்ல என்ன பார்க்கலாம்னு இங்க சொல்லப் போறதில்ல, அது யூடியூப் முழுக்க கிடக்கு. நாலு ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எப்படி ஒப்பிடுறது, அது மட்டும்தான். நாலும் ஒரே ரயில் பாதைலதான் இருக்கு. நுவரெலியாவுக்கு நானுஓயால இறங்கணும், அதுக்குப் பிறகு அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. இவ்வளவு கிட்ட இருக்கிறதாலதான் ஆளுக்கு குழப்பமே.

படி 1: சீஆர் கொப்பில ஒரு கட்டம்

எக்செல், கூகுள் ஷீட் எல்லாம் வேணாம். போன்ல அந்த சின்னக் கட்டத்துக்குள்ள விரல வச்சு டைப் பண்றதுக்குள்ள லீவே முடிஞ்சிரும். பிள்ளைகளோட பழைய கொப்பில ஒரு பக்கத்த எடுத்து, இடப்பக்கம் நாலு ஊர் பேர், மேல அஞ்சு தலைப்பு: உயரம், காலைல என்ன, மழை பெஞ்சா என்ன, சனம், தங்குற செலவு. அவ்வளவுதான். "அழகு"ன்னு ஒரு தலைப்பு போடாதீங்க, நாலுக்கும் முழு மார்க் விழும், பிரயோசனமில்ல.

படி 2: உயரத்த நிரப்புங்க

நுவரெலியா 1,868 மீட்டர். அப்புத்தளை 1,400க்கு கொஞ்சம் மேல, பண்டாரவளை 1,200 சொச்சம், எல்ல 1,000 சொச்சம். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறு ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு வச்சுக்கங்க. அப்போ நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் நடுவுல அஞ்சு டிகிரி வித்தியாசம் வரும். கேக்க சின்னதா இருக்கும், ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு மழைல நனைஞ்ச பிள்ளைய வச்சுக்கிட்டு கம்பளி தேடுறப்போ அந்த அஞ்சு டிகிரி என்னன்னு விளங்கும். மூச்சிழுப்பு இருக்கிற பெரியவங்க வந்தா நான் நுவரெலியாவ ராத்திரி தங்குற பட்டியல்லயே சேர்க்க மாட்டேன், பகல்ல போய்ட்டு வரட்டும். பண்டாரவளைல ஃபேனும் தேவையில்ல ஹீட்டரும் தேவையில்ல. (எங்க ஊருங்கிறதால சொல்றேன்னு நினைக்க வேணாம். சரி, கொஞ்சம் அதுவும்தான்.)

படி 3: காலை எத்தனை இருக்குன்னு எண்ணுங்க

எல்லாரும் சறுக்குற இடம் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நிப்போம்.

மார்ச், ஏப்ரல்ங்கிறது ரெண்டு பருவக்காத்துக்கும் நடுவுல வர்ற காலம். தென்மேற்கு இன்னும் தொடங்கல, வடகிழக்கு முடிஞ்சிருச்சு, காத்து பெருசா இருக்காது. காலைல வெயில் நல்லா அடிக்கும், மலை சூடாகி ஈரக்காத்து மேல எழும்பி, ஒன்பது பத்து மணிக்கு மேகம் கட்டத் தொடங்கும், ரெண்டு மணிக்குப் பிறகு இடி மின்னலோட ஊத்தும். எல்லா நாளும் இப்படின்னு இல்ல, ஆனா பிளான் போடுறவங்க இப்படித்தான்னு நினைச்சு போடணும். வெதர் ஆப்ப திறந்து பார்த்தா ஏழு நாளுக்கும் மழைப் படம் போட்டிருக்கும், அதப் பார்த்து பயந்து ட்ரிப்ப நிப்பாட்டினவங்களும் இருக்காங்க. அந்த ஒத்தப் படத்த நம்பாதீங்க, மணிக்கணக்கா பிரிச்சுக் காட்டுற பக்கத்துக்குப் போங்க. நான் விண்டிங்கிற வெதர் ஆப்ப பாவிக்கிறேன், அதுல மேகம் எந்தப் பக்கத்துல இருந்து ஏறுதுன்னும் தெரியும்.

இதுல இருந்து வர்ற கணக்கு என்னன்னா, நீங்க எத்தனை ராத்திரி தங்குறீங்களோ அத்தனை காலைதான் உங்க கைல. வந்து சேர்ற நாள் பாதையிலயே போயிரும். மூணு ராத்திரின்னா மூணு காலை, ஒரு காலைக்கு ஒரு மலைக்காட்சி, அதுக்கு மேல ஆசைப்பட்டா ஒண்ணும் உருப்படியா கிடைக்காது.

இப்போ கொப்பில "காலைல என்ன" கட்டத்த நிரப்புங்க. அங்க இடத்தோட பேர மட்டும் எழுதாதீங்க, கட்டில்ல இருந்து எழும்பி அந்த இடத்துல நிக்கிறதுக்கு எவ்வளவு நேரம்னு எழுதுங்க. ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா கேட் காலைல ஆறு மணிக்கு திறக்கும், உலக முடிவுங்கிற செங்குத்து மலை விளிம்புக்குப் போய் சுத்தி வர ஒன்பது கிலோமீட்டருக்கு மேல நடை, மேகம் வந்து மூடினா அந்த 800 மீட்டருக்கு மேல இறங்குற பள்ளத்துல வெள்ளைத் துணி கட்டினாப்ல ஒண்ணும் தெரியாது. நுவரெலியால இருந்து அது 30 கிலோமீட்டர் சொச்சம், அஞ்சு மணிக்கு வேன் கிளம்பினா சரி. அதே ஹோட்டன் சமவெளிக்கு எல்லவுல இருந்து போறதுன்னா மூணு மணிக்கே பிள்ளைகள எழுப்பணும், பிறகு நாள் பூரா அதுகள் அழும். லிப்டன் சீட்ங்கிற மலைக்காட்சி இடத்துக்கு அப்புத்தளைல தங்கினா விடியக்காலைல ஒரு த்ரீவீலர் போதும், தம்பேதன்ன தேயிலை ஃபெக்டரிய தாண்டி கொழுந்து மலைக்குள்ளயே பாதை ஏறும். எல்லவுல தங்கினா சின்ன சிவனொளிபாதம்ங்கிற குன்றுக்கு நடந்தே போயிரலாம், வண்டியே வேணாம், எல்லவுக்கு இதுதான் பெரிய பலம். பண்டாரவளைக்கு சொந்தமா அப்படி ஒரு பெரிய காட்சி கிடையாது, ஒத்துக்கிறேன், ஆனா அப்புத்தளையும் எல்லவும் ரெண்டு பக்கத்துலயும் பத்து பன்னிரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு.

அடுத்தது "மழை பெஞ்சா என்ன". இதுல நுவரெலியா மத்த மூணையும் தூக்கிச் சாப்பிட்டுரும். டவுன்ல சுத்தலாம், 1894ல கட்டின சிவப்புச் செங்கல் தபால் கந்தோர் இருக்கு, தேயிலை ஃபெக்டரி பார்க்கலாம், மழை கொஞ்சம் விட்டா விக்டோரியா பார்க். அப்புத்தளைல அப்படி ஒண்ணும் இல்ல. அந்த ஊர் மலை முதுகுல இருக்கு, ஒரு பக்கம் தெற்குச் சமவெளி அப்படியே கீழ இறங்கும், பதினொரு மணிக்கெல்லாம் அந்தப் பள்ளத்துல இருந்து மேகம் ஏறி டவுன் ரோட்டுக்கு குறுக்கால போகும், மரக்கறிக் கடைக்காரர் பட்டப்பகல்ல பல்ப போடுவாரு, எதிர்க்கடை போர்டு தெரியாது, ரெண்டு நிமிஷத்துல திரும்ப வெயில் அடிக்கும். எனக்கு அதப் பார்த்துக்கிட்டு ப்ளேன்டீ குடிக்கிறதே போதும். பத்து வயசுப் பையனுக்கு போதாது. உங்க கூட யார் வாறாங்கன்னு பார்த்து மார்க் போடுங்க.

படி 4: சனம், செலவு

ஏப்ரல்ங்கிறது நுவரெலியாவுக்கு சீசன். வசந்த கால விழா, குதிரை ஓட்டம், மலையேறுற மோட்டார் ரேஸ், பூக்கண்காட்சின்னு மாசம் பூரா ஒண்ணு மாத்தி ஒண்ணு இருக்கும், கிரகரி வாவிய சுத்தி வாகனம் நகராது, ரூம் விலை சாதாரண மாசத்த விட பல மடங்கு ஏறும். கொண்டாட்டம் பார்க்கணும்னா அங்கதான் போகணும், அமைதி வேணும்னா ஏப்ரல்ல அங்க போகவே கூடாது, நடுவுல ஒண்ணும் கிடையாது.

13, 14 புத்தாண்டு. அந்த ரெண்டு மூணு நாளுக்கு பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் கடை பாதிக்கு மேல பூட்டியிருக்கும், பஸ்ஸும் குறைவு. ரூம் புக் பண்றப்போ சாப்பாடு தருவாங்களான்னு வாயால கேட்டு உறுதிப்படுத்திக்கங்க, ஆப்புல எழுதியிருக்கிறது போதாது. என்னோட விருப்பம், புக்கிங் ஆப்ப விலை பார்க்க மட்டும் பாவிச்சிட்டு நேரா போன் போட்டு தமிழ்ல பேசி ரூம் எடுக்கிறதுதான். சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும் வரும், வேன் கேட் வரைக்கும் ஏறுமா, இந்த ரெண்டு கேள்வியையும் மறக்காதீங்க.

படி 5: ஒரே ஊர்ல தங்கி ரயில்ல தாவுறது

ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு ஊர்ல பெட்டிய அவிழ்க்கிறது பாவம். ஒரு ஊர்ல கட்டில், மத்ததுக்கு ரயில் இல்லாட்டி பஸ். நானுஓயால ஏறினா அம்பேவளை, பிறகு இலங்கையிலயே உயரமான பட்டிப்பொல ஸ்டேஷன், 1,890 மீட்டருக்கு மேல, அதுக்குப் பிறகு சுரங்கத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்தா ஊவா மாகாணம். சில நாள் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில், அதனாலதான் நுவரெலியா வானத்த வச்சு அப்புத்தளைய தீர்மானிக்கக் கூடாதுங்கிறது.

ரிசர்வ் சீட் ஏறக்குறைய ஒரு மாசத்துக்கு முன்னாடி திறக்கும், ஏப்ரல் டிக்கட் கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும், அடையாள அட்டை நம்பரையும் கார்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க. கிடைக்கலன்னா கவலைப்பட வேணாம், பண்டாரவளைல இருந்து எல்லவுக்கு ரிசர்வ் இல்லாத டிக்கட்ல நின்னுக்கிட்டே போயிரலாம். முக்கியமா ஒண்ணு, 2025 நவம்பர் டித்வா புயல்ல மலையகப் பாதை பல இடத்துல சேதமாச்சு, அதனால ரயில் எங்க இருந்து எங்க வரைக்கும் ஓடுதுன்னு கிளம்புற வாரத்துல ஸ்டேஷனுக்கு போன் போட்டுக் கேட்டுட்டு பிளான் போடுங்க. பழைய வீடியோவ பார்த்து நேரசூசி எடுக்காதீங்க.

ரோட்டால வாறவங்க கூகுள் மேப் காட்டுற நேரத்தோட பாதிய கூட்டிக்கங்க. றம்பொடைப் பாதையிலயும் எல்ல வெல்லவாய பாதையிலயும் இறங்குறப்போ பிரேக்க மிதிச்சுக்கிட்டே வரக் கூடாது, ஏறின கியர்லயே இறக்கணும். வேன் வாடகைக்கு எடுக்கிறீங்கன்னா மலை ஓடின டிரைவரான்னு கேளுங்க, கூச்சப்பட வேணாம்.

படி 6: மண்சரிவு எச்சரிக்கை

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியா மூணு நிறத்துல எச்சரிக்கை விடும். மஞ்சள்னா விழிப்பா இருங்க, செம்மஞ்சள்னா தயாரா இருங்க, சிவப்புன்னா வெளியேறுங்க. நீங்க தங்குற ஊரோட பிரிவு பேர கொப்பில எழுதி வச்சுக்கங்க, செய்தில ஊர் பேர் வராது, பிரிவு பேர்தான் வரும். செம்மஞ்சள் வந்தா நான் ட்ரிப்ப தள்ளிப் போடச் சொல்லுவேன், அட்வான்ஸ் போனாலும் போகட்டும்.

இவ்வளவும் நிரப்பினா பதில் கொப்பிலயே தெரியும். கேட்டே ஆகணும்னா என் பக்கம் இது: சின்னப் பிள்ளைகளோட முதல் தடவை வாறவங்க நுவரெலியா, ஆனா புத்தாண்டு வாரத்த விட்டுட்டு. கூட்டாளிமார் செட்டா வந்தா எல்ல. புதுசா கலியாணம் கட்டினவங்க அப்புத்தளை. அப்பா அம்மாவ கூட்டிட்டு வாறவங்க பண்டாரவளை, வேற பேச்சே இல்ல.

அப்டேட் 1: ஹட்டன் பக்கத்த ஏன் விட்டீங்கன்னு தலவாக்கலைல இருந்து ஒரு தம்பி கோவிச்சுக்கிட்டாரு. நியாயம்தான். அந்தப் பக்கமா ஏறுற சிவனொளிபாதமலைக்கு சீசன் மார்கழிப் போயால (பௌர்ணமில) இருந்து வெசாக் போயா வரைக்கும், அதனால ஏப்ரல்லயும் ஏறலாம். ராத்திரி ஏறி விடியறப்போ உச்சில நிக்கிறதால படி 3 கணக்குக்கு அச்சா பொருந்தும். ஆனா சனி ஞாயிறுல உச்சிக்கு கிட்ட படியில வரிசை நகராது, கிழமை நாள்ல ஏறுங்க. ஏறினதுக்கு அடுத்த நாள் வேற எதையும் வைக்காதீங்க, கால் தூக்க முடியாது.

அப்டேட் 2: சுவிஸ்ல இருக்கிற ஒரு அக்கா, ஏப்ரல்ல தங்கச்சி குடும்பம் இங்க இருந்து வருது, ஸ்கீ (பனிச்சறுக்கு) பழகுறதுக்கு அங்கத்த மலை ஊர்ல செர்மாட்டா சாஸ்ஃபேயா, உங்க கொப்பி முறை சரிவருமான்னு கேட்டாங்க. அங்க பனில வழுக்கிப் பழகின எங்க மச்சான்கிட்ட கேட்டுட்டு எழுதுறேன். தலைப்ப கொஞ்சம் மாத்தினா அப்படியே சரிவருது.

ரெண்டும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்கு. விஸ்ப்ல இறங்கி செர்மாட்டுக்கு ரயில், சாஸ்ஃபேக்கு பஸ். ரெண்டு ஊருக்குள்ளயும் பெட்ரோல் கார் ஓடாது. செர்மாட்டுக்கு கார்ல வந்தா டேஷ்ல விட்டுட்டு ரயில் ஏறணும், சாஸ்ஃபேல ஊர் வாசல்லயே பார்க்கிங். உயரக் கட்டத்துல ஒரு வேடிக்கை, செர்மாட் ஊர் 1,600 மீட்டர் சொச்சம், சாஸ்ஃபே 1,800, ரெண்டுமே நம்ம நுவரெலியாவ விட கீழ! ஆனா வசந்த காலத்துல ஊர் உயரத்த பார்க்காதீங்க, கேபிள் கார், மலை ரயில் எல்லாம் எவ்வளவு உயரத்துக்கு கொண்டு போகுதுன்னு பாருங்க. செர்மாட்ல 3,883 மீட்டர் வரைக்கும், சாஸ்ஃபேல 3,500 வரைக்கும் போகும், ரெண்டுலயும் மேல பனியாறு இருக்கு, அதனால கீழ்ச் சரிவெல்லாம் உருகின பிறகும் மேல பனி நிக்கும்.

நேரக் கணக்கும் அதே கதைதான். ராத்திரி உறைஞ்ச பனி காலைல இறுகி வழுக்கும், வெயில் பட்டு மேல் பக்கம் லேசா இளகுற ரெண்டு மூணு மணி நேரம்தான் நல்ல நேரம், மதியத்துக்குப் பிறகு கால் புதையும், பழகுறவங்களுக்கு முழங்கால் வலிதான் மிச்சம். கிழக்கப் பார்த்த சரிவு முதல்ல இளகும், மேற்கு கடைசியா, அதனால வெயிலுக்குப் பின்னால நகருங்க. மழை கட்டத்துக்குப் பதிலா அங்க பனிச்சரிவு அறிவித்தல், அது ஆபத்த ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அளந்து சொல்லும், பிற்பகல் சூட்டுல அந்த எண் ஏறும். சரிவோட பலகை நிறம் நீலம் சுலபம், சிவப்பு நடு, கறுப்பு கஷ்டம், முதல் தடவைன்னா நீலத்த விட்டு நகர வேணாம்.

மச்சானோட தீர்ப்பு, முதல் தடவைக்கு சாஸ்ஃபே. சின்ன இடம், பழகுற சரிவு ஊர் காலடியிலயே இருக்கு, பிள்ளைய தொலைக்க மாட்டீங்க. செர்மாட் பெருசு, வழுக்கிக்கிட்டே இத்தாலிப் பக்கம் செர்வினியாவுக்கே போயிரலாம், ஆனா அதுக்கு ரெண்டு நாட்டுக்கும் சேர்த்த கேபிள் கார் பாஸ் வேணும், கடைசி கேபிள் கார விட்டா திரும்பி வர்ற பாடு பெரும்பாடு. இங்க இருந்து போறவங்க ஷெங்கன் விசாவுக்கு எடுக்கிற பயணக் காப்புறுதில ஸ்கீ சேர்ந்திருக்கான்னு பாருங்க, பல சாதாரண காப்புறுதில சேராது. கூட கொஞ்சம் கட்டி அதையும் சேர்த்து எழுத்துல வாங்கிக்கங்க, மலைல இருந்து ஹெலிகொப்டர்ல இறக்கினா பில் உங்க பேர்லதான் வரும்.